இன்ஜின் சூடும் உள்ளங்கை மருதாணியும்

எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தேன். கூட்டிப் பார்த்தால் பதினாறாம் வகுப்பு வருகிறது என்று பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னேன். பெண்ணின் அய்யா சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணமான ஐந்தாம் மாதம் அந்தச் சிரிப்பு என்னால் நின்றுபோனது. அது எப்படித் திரும்பி வந்தது என்று எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"பேரு போடாம எழுதுங்க. என்னய நல்லவளா எழுதுங்க" என்றாள்.

முதலாவது சுலபம். இரண்டாவது அதைவிடச் சுலபம்.

நான் மீன் வண்டி ஓட்டுகிறவன். பாம்பனிலோ தொண்டியிலோ நண்டும் இறாலும் ஏற்றி, மேலே ஐஸ் அடித்து, மலையைத் தாண்டிக் கேரளாப் பக்கம் கொண்டுபோய் இறக்குவோம். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். என்னோடு ஓட்டுகிறவர் எனக்கு ஆறு வயது மூத்தவர். சொந்தம் கிடையாது. ஆனாலும் அவரை அண்ணன் என்றும் அவர் பெண்டாட்டியை மதினி என்றும்தான் கூப்பிடுவேன்.

எங்கள் வண்டியில் இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். அதற்கு ஒரு மூடி. பானட் என்போம். நான்கு மணி நேரம் ஓட்டினால் அதன்மேல் மாவை ஊற்றித் தோசை எடுக்கலாம். அதனால் வண்டிக்காரர்களுக்கு இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் நோயின் பெயர் ஒன்றுதான், இன்ஜின் சூடு. நீர் போகும்போது கடுத்தால் இன்ஜின் சூடு. சீழ் வந்தால் இன்ஜின் சூடு. புண் வந்தால் கொஞ்சம் பெரிய இன்ஜின் சூடு. வைத்தியமும் ஒன்றுதான். சீட்டில் ஈரச் சாக்கு போடுவது, வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடிப்பது, இளநீர், கால் பெருவிரல் இரண்டிலும் நல்லெண்ணெய். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி உடம்புக்கும் ஊற்றிக்கொண்டே இருப்போம். கேரளா போய்த் திரும்புகிறவனுக்கு மட்டும் இந்தச் சூடு வருகிறதே, உள்ளூருக்குள்ளேயே அதே மாதிரி வண்டியில் ஐஸ் கொண்டுபோகிறவனுக்கு ஏன் வருவதில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. வகுப்பிலேயே கேள்வி கேட்காதவன் வண்டியில் எங்கே கேட்பது.

சரக்கு இறக்குகிற மார்க்கெட் வாசலில் ஒரு ஆள் பை மாட்டிக்கொண்டு நிற்பார். டிரைவர்களுக்கு ஆணுறை கொடுப்பார், கூடவே பேச்சும் கொடுப்பார். பேச்சை விட்டுவிட்டு உறையை மட்டும் வாங்கிக்கொள்வேன். எதற்கு? ஊதி, முடிச்சுப் போட்டு, வண்டிக் கண்ணாடியில் கட்டுவதற்கு. ஒருமுறை எதிரே வந்த பள்ளிக்கூட வேனுக்கு இரண்டு பலூன் பரிசாகக் கொடுக்கவே போய்விட்டேன். அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்தார். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கோபப்பட்டதே இல்லை. "இன்னொரு பாக்கெட்டு வச்சுக்கங்க, பலூனு போக மிச்சம் இருந்தா உதவும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்வார். எனக்கு மிச்சம் இருந்ததே இல்லை.

பரிசம் போட்டு, கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு லோடு போனோம். இறக்க ஒரு நாள் காக்கவேண்டி வந்தது. அந்த ஒரு நாளில் நான் போன இடத்தைப் பற்றி விரிவாக எழுத மாட்டேன். அங்கே இருந்த பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்கு நோவைக் கொடுத்தவனும் என்னை மாதிரி கண்ணாடியில் பலூன் கட்டிய ஒருத்தனாகத்தான் இருப்பான்.

மூன்று வாரம் கழித்து ஒரு புண் வந்தது. ஒன்றே ஒன்று. வலி இல்லை, அரிப்பு இல்லை. வலிக்காத புண்ணைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? அண்ணனிடம் சொன்னேன்.

"ஏலே, கல்யாண மாப்பிள, இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போடுறியா? எனக்கு எத்தன வாட்டி வந்துருக்கு. பானட்டுப் பக்கமா ஒக்காராத. கால் வெரல்ல எண்ணெய வையி."

"டாக்டர்கிட்டக் காமிச்சிருவோமாண்ணே?"

"காமிச்சா அவுத்துப் பாப்பாரு. ஒனக்கு இருக்குற சொத்து அது ஒண்ணுதான். அதயும் ஊருக்குக் காட்டணுமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் எண்ணெய் வைத்தேன், வெந்தயம் குடித்தேன், ஈரச் சாக்கில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புண் ஆறிவிட்டது. தழும்பு கூடத் தெரியவில்லை. அண்ணனுக்கு ஒரு கோழி அடித்துச் சாப்பாடு போட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கோழிக்காகத்தான் வருத்தமாக இருக்கிறது. அதன் சாவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறு போட வந்தவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கச் செம்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டு.

"இங்கேருங்க, என் கையில மருதாணி அழியுது, ஒங்க கையில ஏறுது!"

"ஒனக்கு வச்சது எனக்கு ஒட்டிருச்சு புள்ள. அம்புட்டுப் பாசம்" என்றேன்.

பாதத்திலும் இருந்தது. அரிக்கவில்லை. ஐஸ் பெட்டி தூக்குகிற கை, உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் அதுவும் மறைந்தது. அவள் அதற்குள் அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டில் இந்த மருதாணிக் கதையைச் சொல்லிச் சிரித்திருந்தாள்.

பிறகு அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. நாங்கள் இருப்பது திருப்புல்லாணிக்குப் பக்கத்தில். மூன்று மாதம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போல அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, ரத்தத்தில் ஒரு சின்னக் கோளாறு தெரிகிறது, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புருசனையும் கூட்டிக்கொண்டு போ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன கோளாறு என்று அவர் வாசலில் வைத்துச் சொல்லவில்லை. அது நல்ல மனசு. ஆனால் பக்கத்து வீட்டு அத்தைக்குச் சொல்லாமலே எல்லாம் தெரியும்.

"ரத்தத்துல கோளாறுன்னா கம்மாத் தண்ணிதான் ஆத்தா. ஈரச் சேலையோட அம்புட்டு நேரம் குளிக்காதன்னு நான் சொன்னேனா இல்லையா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. கண்மாயில் முங்கிக் குளிப்பது அவளுக்கு உயிர். என்னிடம் வந்து கேட்டாள்.

"நெசமா கம்மாத் தண்ணியில வருமாங்க?"

 எனக்கு அந்த நிமிடமே புண் ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே வேலை செய்யும்.

"வராம? அந்தக் கம்மாயில எரும பூராம் குளிக்குது. எருமைக்கு வந்தது ஒனக்கு வந்துருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்ன பகடிகளில் எதையாவது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றால் அந்த எருமையைத்தான் முதலில் ஓட்டிக்கொண்டு வருவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனோம். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. எச்.ஐ.வி. சோதனையும் பண்ணலாமா என்று சம்மதம் கேட்டுக்கொண்டு அதையும் பண்ணினார்கள். பிறகு ஆலோசனை அறை என்று எழுதியிருந்த அறைக்கு என்னை மட்டும் முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கீழக்கரைப் பக்கத்துப் பேச்சு.

"ஒக்காருங்கண்ணே" என்றாள்.

அண்ணே என்று கூப்பிட்டவளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? எழுந்து ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தபடியே பேசினாள். பார்த்திருந்தால் ஓடியிருப்பேன்.

"எச்.ஐ.வி. ஒங்க ரெண்டு பேத்துக்கும் இல்ல. மூணு மாசம் கழிச்சு ஒருவாட்டி பாத்துக்கிட்டா உறுதி. ஆனா சிபிலிஸ் ரெண்டு பேத்துக்கும் இருக்கு. நம்ம ஊருல மேகநோய்ம்பாங்க. கேக்குறேன், சங்கடப்படாமச் சொல்லுங்க. எப்பவாச்சும் வலியில்லாமப் புண்ணு வந்துச்சா?"

"அது இன்ஜின் சூடுங்க மேடம்."

"என்னது?"

பானட், ஈரச் சாக்கு, பெருவிரல் எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை அடக்க முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எத்தன நாள்ல ஆறுச்சு?"

"ஒரு மாசம் இருக்கும். எண்ணெயிலதான் ஆறுச்சு."

"நீங்க சும்மா கெடந்தாலும் ஆறியிருக்கும்ணே. அந்தப் புண்ணு தானாவே ஆறும். நோவு ஆறாது. ரத்தத்துல உள்ள போயி ஒக்காந்துக்கும். அப்பறம் கொஞ்ச நாள் கழிச்சு உள்ளங்கை, பாதத்துல செவப்பா பொட்டு வரும், அரிக்காது. அதுவும் தானா போயிரும். வந்துச்சா?"

மருதாணி.  உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நான்கு மாதத்துக்கு முந்திய பொட்டு இப்போதும் தெரிகிற மாதிரி இருந்தது.

வண்டியில் ஒருமுறை டெம்பரேச்சர் முள் கீழே இறங்கிக் கிடந்தது. இன்ஜின் குளிர்ந்துதான் இருக்கிறது என்று மிதித்துக்கொண்டு போனோம். வயர் அறுந்ததால் முள் விழுந்திருக்கிறது. உள்ளே இன்ஜின் வெந்து கொண்டிருந்தது. என் புண் ஆறியதும் அப்படித்தான் என்று அப்போது விளங்கியது. அந்த அறையில் எனக்கு விளங்கிய முதல் விஷயம் அதுதான். மற்றதெல்லாம் அவள் விளங்கவைத்தாள். இது கண்மாயில் வராது, கக்கூசில் வராது, சூட்டில் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. நோவு இருக்கிற ஒருத்தரோடு உறை இல்லாமல் சேர்ந்தால்தான் வரும், இல்லாவிட்டால் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். சீழ் வருகிற வெட்டை மாதிரி வேறு சில நோவுகள் பெண்களுக்கு வந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல் கூட இருக்கும். அதனால் ஒருத்தருக்கு வந்தால் இரண்டு பேரும் மருந்து எடுக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டேன். 

"விட்டா பிள்ளைக்கு ஏறும். வயித்துலயே தங்காமப் போயிரலாம், பொறந்தாலும் கொறையோட பொறக்கலாம். ஆனா இப்ப நாலாம் மாசம்தான். இப்பவே ஊசி போட்டா அநேகமா ஒண்ணும் ஆகாது, இன்ஷா அல்லா. பென்சிலின் ஊசி, வாரம் ஒண்ணு, மூணு வாரம். ரெண்டு பேருக்கும்."

"அப்ப போட்ருங்க மேடம். அவகிட்ட ரத்தத்துக்குச் சத்து ஊசின்னு சொல்லிருவோம்."

அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. ஒங்க கதைய அவங்ககிட்ட நானாச் சொல்லவும் மாட்டேன். அவங்களுக்கு என்ன நோவு, என்ன ஊசின்னு மட்டும் சொல்லுவேன். எப்படி வந்துச்சுன்னு அவங்க கேப்பாங்க. அத நீங்க சொல்லணும். பத்து நிமிசம் வெளிய போயி ஒக்காந்து பேசிட்டு வாங்க. அவங்க தன்னால வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஆயுசு பூராம் இருக்கணுமா?"

வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும். பாக்கெட்டைப் பிரித்து எனக்குப் பாதி எடுத்து வைத்திருந்தாள்.

"என்னங்க சொன்னாக? கம்மாத் தண்ணிதான? இனிமே குளிக்க மாட்டேங்க. சாமி சத்தியமா குளிக்க மாட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லேல்ல?"

எனக்கு ஒரு பகடி வந்தது. வாயில் வந்தே நின்றது. விழுங்கினேன். இரண்டு உள்ளங்கையையும் அவள் முன்னால் விரித்தேன்.

"அன்னைக்கு மருதாணின்னு சொன்னேல்ல புள்ள. அது நோவு. கம்மாயில வரல. என்கிட்டருந்து ஒனக்கு வந்துச்சு. பரிசம் போட்டதுக்கு அப்பறம், கல்யாணத்துக்கு முன்னாடி, லோடு போன எடத்துல… நான் போனேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான்கு வீட்டில் சொல்லிச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், எழுந்து தொண்டி பஸ் ஏறி ஆத்தா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு மருந்து இருக்கா?"

"இருக்கு. இப்பவே போடணும்."

எழுந்து அந்த அறைக்குள் தனியாகப் போனாள். பிஸ்கட் பெஞ்சிலேயே இருந்தது.

முதல் ஊசி அன்றைக்கே. கையில் ஒரு சொட்டு குத்தி, ஒவ்வாமை இல்லை என்று பார்த்துவிட்டு, இடுப்புக்குப் பின்பக்கம் இரண்டு பக்கமும் போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் கடைசிச் சீட்டில். வீட்டிலும் அப்படியேதான். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். தட்டின் பக்கத்தில் என் கை வந்தால் தன் கையை எடுத்துக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சுவரிடம் பேசினேன். எருமையிடம் பேசினேன். அதனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை. எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. முதல் தடவை பயத்தில் மரத்துப் போயிருந்தேன், வலி தெரியவில்லை. இந்தத் தடவை தெரிந்தது. பென்சிலின் ஊசி மருந்து கெட்டியாக இருக்கும். உள்ளே போவதற்கே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் நான் என் குலசாமியை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். வெளியே வந்தால் நேராக நடக்க முடியவில்லை. இரண்டு காலையும் அகட்டி, பக்கவாட்டில் நடந்து வந்தேன். எனக்கு முன்னால் போட்டுக்கொண்ட அவள் நேராகத்தான் நின்றாள். ஊசி போட்ட நர்ஸம்மா, "என்னம்மா ஒன் வீட்டுக்காரர் இப்படி வர்றாரு?" என்று கேட்டார்.

"நண்டு ஏத்தி ஏத்தி நண்டாவே ஆயிட்டாக" என்றாள்.

சொன்னவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. எனக்கு வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னும் இரண்டு ஊசி போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். சரி, ஒன்று.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டுக்குப் போகவில்லை. எனக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே பேசினாள்.

"அந்த அண்ணனுக்கும் இந்தச் சூடு வரும்னு சொன்னீகளே."

"ஆமா. நெறைய வாட்டி."

"மதினிக்கு மூணு பிள்ள வயித்துலயே தங்கல. ஊரே அவுகளத்தான சொல்லுச்சு. கோயில் கோயிலா அவுகதான அலஞ்சாக."

எனக்கு இது தோன்றவே இல்லை. என் பிள்ளை, என் பெண்டாட்டி, என் மானம் என்று ஒரு வாரம் சுற்றியவனுக்கு மதினி ஞாபகம் வரவில்லை. இவளுக்கு வந்தது.

"அதுனாலதான்னு நமக்குத் தெரியாது" என்றேன்.

"பாத்தாத்தான தெரியும். அவரக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேத்தையும். அதுக்கப்பறம் என்கிட்ட வந்து எந்தப் பகடி வேணும்னாலும் பேசுங்க."

அண்ணனிடம் பேசுவது ஊசியைவிடக் கஷ்டம். அடுத்த லோடு ஏறும்போது, ஐஸ் தூள் பறக்கிற இடத்தில் நின்று சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "பொம்பள பேச்சக் கேட்டு என்னய நோயாளின்றியா?" என்று கையிலிருந்த சாக்கைத் தூக்கி எறிந்தார். இரண்டு லோடு என்னோடு பேசவில்லை. மூன்றாவது லோடில் நான் டெம்பரேச்சர் முள் கதையைச் சொன்னேன்.

"அண்ணே, முள்ளு எறங்குனா இன்ஜினு குளுந்துச்சுன்னு அர்த்தமா? வயரு அந்துருந்தா? மூடியத் தொறந்து பாக்காம எப்புடித் தெரியும்?"

 அவர் மலை இறங்கி, நம் ஊர்க் காற்று அடிக்கிற இடம் வரைக்கும் அந்த முள்ளையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். பிறகு கேட்டார்.

"ஊசி வலிக்குமாலே?"

"இல்லண்ணே, கொசு கடிச்சாப்புல இருக்கும்."

அந்த ஒரு பொய்யை மட்டும் நான் சொன்னேன். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அவர் ஊசி போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து என்னை அடிக்கத் தேடியபோது நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

அவருக்கும் இருந்தது. மதினிக்கும் இருந்தது. மூன்று பிள்ளையும் அதனால்தான் போனதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அந்த முக்காட்டுப் பெண் சொன்னாள், இனிமேல் அதற்கு இடம் இருக்காது என்றும் சொன்னாள். மதினி ஒருநாள் தூக்குச்சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தாள்.  சட்டியைக் கழுவிக் கொடுக்கும்போது மதினி இவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட சாமிகள் நிறைய உண்டு. அன்றைக்கு அவர்கள் யாருக்கும் வேலை இருக்கவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் மூன்றாவது செவ்வாய்க்கிழமையோடு ஊசி முடிந்தது. முக்காட்டுப் பெண் ஒரு கவர் கொடுத்தாள். ரத்தம் சரியாகிவிட்டது என்று அடுத்த சோதனையில் தெரிகிற வரைக்கும் சேராமல் இருப்பது நல்லது, முடியாவிட்டால் இது இல்லாமல் கூடாது என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் கவரைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதத்தான் வண்டிக் கண்ணாடியில கட்டுனீகளா?"

அதையும் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஆம் என்று தலையாட்டினேன்.

"நல்ல வேள, புத்தியையும் சேத்து அங்கனயே கட்டித் தொங்க விடல" என்றாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பதற்கு அவளுக்குக் கெடு வைக்க நான் யார்? பக்கத்தில் உட்கார்ந்தாள், அது போதும்.

தலைப்பிரசவம் ஆத்தா வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தொண்டிக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஆத்தாகிட்ட இதச் சொல்ல மாட்டேன். ஆனா பிரசவம் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலதான்னு சொல்லிருக்கேன். எதுக்குன்னு கேட்டா, மருமகனுக்குப் பயம் ஜாஸ்தின்னு சொல்லிட்டேன்."

அது பொய்யில்லை.

பொம்பளைப் பிள்ளை. பிறந்த அன்று பகல் பதினொரு மணிக்குக் குழந்தையின் ரத்தத்தையும் தாயின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அதே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கே உரிய சிரிக்காத முகத்தோடு, "எதுக்கு மாப்பிள இப்புடி வேர்க்குது?" என்று கேட்டார். இன்ஜின் சூடு மாமா என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. எனக்கும் புத்தி வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். இரண்டு ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, பிள்ளையிடம் நோவுக்கு அறிகுறி எதுவும் இல்லை, தாய்க்கும் நன்றாகக் குறைந்திருக்கிறது, மூன்றாம் மாதம் மறக்காமல் ஒருமுறை கொண்டுவாருங்கள் என்றார். முக்காட்டுப் பெண்ணிடம் ஓடினேன். அவளுக்கு அன்றைக்கு வேறொரு டிரைவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்தபடி. கதவருகே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் தலையை அசைத்தாள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை. மார்க்கெட் வாசலில் பை மாட்டி நின்ற ஆளின் பெயரும் தெரியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது அவருக்கு ஒரு கிலோ நண்டு கொடுக்கிறேன், பதிலுக்கு பாக்கெட் வாங்கி மற்ற வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். எவனாவது ஊதினால் முதுகில் ஒரு அறை வைக்கிறேன்.

வார்டுக்குள் போனபோது அவள் பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டும் அவளுக்குத் திருப்தி இல்லை. பிள்ளையின் மூடிய கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உள்ளங்கையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த கையையும் பார்த்தாள். பிறகு இரண்டு பாதத்தையும்.

"பாருங்க" என்று பிள்ளையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். "மருதாணி இல்ல."